மேலப்பாளையத்துக் குரல்

ஃபோனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். திரையில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டாள்.

இப்போது முழுதாகத் தெரிந்தது.

தலை கலைந்திருந்தது. ஓடிப் போய் வாரிக்கொண்டு வந்தாள்.

பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் போல, நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

கணவனைக் காலையிலேயே வெளியே போகச் சொல்லியிருந்தாள். தனியாகப் பேச வேண்டும் என்றாள். லீவு நாள். அவன் ஏன் என்று கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கல்யாணமான கையோடு பாளையங்கோட்டையிலிருந்து வதோதராவுக்கு வந்தவர்கள். மருந்துக் கம்பெனியில் அவனுக்கு வேலை. இந்தி நன்றாகப் பேசுவான். அவளுக்குக் காய்கறி வாங்கும் அளவுக்கு வரும்.

எட்டாம் மாதத்தில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

பெண் குழந்தை.

அதன்பின் அவள் குளிக்க மறந்தாள். சாப்பிட மறந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிரசவம் பார்த்த டாக்டர், மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினாள்.

வயதானவர். அன்பாகத்தான் இருந்தார். அவர் இந்தியில் கேட்டதைக் கணவன் தமிழில் சொன்னான். அவள் தமிழில் சொன்னதை அவன் இந்தியில் சொல்ல வேண்டும்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குழந்தை போன பிறகு பால் சுரந்ததை. நைட்டி நனைந்ததை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால்கூடச் சுரந்ததை. சத்தம் வெளியே கேட்காமல் பாத்ரூமில் நின்று பீய்ச்சிக் கொட்டியதை.

கணவன் மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரே வரி சொன்னான். அந்த அளவு இந்தி அவளுக்கே புரிந்தது.

இவள் வருத்தமாக இருக்கிறாள்.

அவள் மறுபடி அங்கே போகவில்லை.

தானே தேட ஆரம்பித்தாள். தமிழ் பேசுகிற மனநல ஆலோசகர், பெண், என்று ஃபோனிடம் வாயால் கேட்டாள். வரிசையாக முகங்கள் வந்தன. ஒருத்திக்கு ஆங்கிலம் மட்டும்தான் வந்தது. தமிழ் தெரியும் என்று போட்டிருந்த இன்னொருத்திக்கு வணக்கம் மட்டும்தான் தமிழ். வேறொருத்தி கணவரிடம் கொடுங்கள் என்றாள்.

கொடுக்கவில்லை. வைத்துவிட்டாள்.

நேற்று நஸீமா என்று ஒருத்தி எடுத்தாள். எடுத்ததும் எந்த ஊர் என்று கேட்டாள். பாளையங்கோட்டை என்றாள் இவள்.

"அட. நமக்கு மேலப்பாளையம்லா."

பக்கத்து ஊர்தான். ஊர்ப் பேச்சின் அந்த 'லா'வுக்கு இவள் சிரித்துவிட்டாள். சிரிப்பா, விக்கலா என்று அவளுக்கே தெரியவில்லை.

நஸீமா இருப்பது சென்னையில். பிரசவத்தை ஒட்டிப் பெண்களுக்கு வரும் மனக் கஷ்டங்களுக்கென்றே படித்தவளாம். நாளைக்கு வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்றாள். பேசுவது வெளியே போகாது, வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்ல மாட்டேன் என்றாள்.

அப்போதிருந்து இவள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். துணி காயப்போடும்போது. தோசையைத் திருப்பும்போது. எவ்வளவு சொன்னாலும் தீரவில்லை. தீராதது சந்தோஷமாக இருந்தது.

ஃபோன் ஒலித்தது.

வட்டமான முகம். மூக்குக் கண்ணாடி. தலையில் போட்ட துப்பட்டாவை ஒரு கையால் சரிசெய்துகொண்டு நஸீமா சிரித்தாள்.

"அவசரமே இல்ல. எங்கேர்ந்து வேணும்னாலும் ஆரம்பிங்க."

"பால் சுரந்ததுலேர்ந்து ஆரம்பிக்கட்டா?"

"ஆரம்பிங்க."

ஆரம்பித்தாள்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள். நஸீமா நடுவில் புகவில்லை. சொன்ன சொல் சொன்னபடியே போய்ச் சேர்ந்தது. இவள் வலித்ததை வலித்தது என்றாள். பால் கட்டிக்கொண்டதைக் கட்டிக்கொண்டது என்றாள். ஒரு சொல்லையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைக்குப் பேர் ஏதும் யோசித்திருந்தீர்களா என்று நஸீமா கேட்டாள்.

இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பொருநை. எங்க வீட்டு அவியதான் யோசிச்சு வச்சிருந்தாவ. நம்ம ஊரு ஆத்துப் பேருன்னு."

"பொருநை," என்று நஸீமா சொல்லிப் பார்த்தாள். நிதானமாக, ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

இவளுக்கு மார்பில் கட்டியிருந்த எதுவோ இளகியது.

பிறகு நஸீமா ஊரைப் பற்றி ஏதோ வேடிக்கையாகக் கேட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே இவள் பதில் சொன்னாள். இருவருமே சத்தமாகச் சிரித்தார்கள்.

ஒரே நாளில் சரியாகிற விஷயமில்லை என்றாள் நஸீமா. அடுத்த வாரமும் பேசலாம் என்று முடிவாயிற்று.

ஃபோனை வைத்ததும் பசித்தது. கையகலத் தோசை நாலைந்து தின்கிற பசி. அதை அவனிடம் உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

கதவைத் திறந்தாள்.

அவன் எங்கும் போயிருக்கவில்லை. கீழே இறங்கும் படியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் எழப் போனான். எழவில்லை.

"பேசினது ஒண்ணும் கேக்கல," என்றான். "நீ சிரிச்சது மட்டும் கேட்டுது."

அவள் தலையாட்டினாள்.

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"கனி. அவங்க ஆம்பளைங்ககிட்டயும் பேசுவாவளா?"

அவள் இறங்கி வந்து, அவன் உட்கார்ந்திருந்த படியிலேயே உட்கார்ந்தாள். குறுகலான படி. அவன் தள்ளி இடம் விட்டான்.