மெழுகுவத்தி வாசம்

திருபுவனைத் தொழிற்பேட்டையிலிருந்து காலையில் வந்திறங்கிய கழிவு மூட்டைகளை அவிழ்த்ததும் கொட்டகை முழுக்கப் புளித்த பசை நாறுகிறது. உச்சி வெயில் தகரக் கூரை வழியாகத் தலையில் இறங்க, பிளாஸ்டிக் தாள்களின் மடிப்பில் தேங்கிய கொழகொழப்பு லூர்துமேரியின் கையுறைக்குள் புகுந்து விரலிடுக்கில் நசநசக்கிறது. தரம் பிரிப்பது அவள் வேலை. ஒரு துண்டைக் கிழித்து, லைட்டரால் முனையைக் கொளுத்தி, ஊதி அணைத்து, அந்தப் புகையை மோந்து பார்க்கிறாள். கக்கூஸ் ஆசிட் நெடி மூளைக்கு ஏறுகிறது. "பிவிசி" என்று இடப்பக்கம் எறிகிறாள். அதில் ஒரு துண்டு தப்பி உலைக்குள் போனாலும் உருக்குகிற சரக்கு மொத்தமும் பாழ். காறித் துப்புகிறாள், எச்சிலிலும் அதே நெடி.

"இத்த மோந்து பாக்க ஒரு மெசின் வாங்குனா இன்னா சார்?"

"ஒன் மூக்கு இருக்க சொல்ல மெசின் எதுக்குக்கா?" என்று சிரிக்கிறான் சூப்பர்வைசர் தணிகாசலம், தன் மூக்கில் கட்டிய கைக்குட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டே.

அடுத்த துண்டில் மெழுகுவத்தி அணைந்த வாசம். அப்படியென்றால் பாலித்தீன், நல்ல சரக்கு. வலப்பக்கம் எறிகிறாள். அடுத்ததும் அதே வாசம், அதுவும் வலப்பக்கம். நேற்று ஞாயிறு பூசை முடிந்து, சாமியாருக்கு உதவியாளான கோயில்பிள்ளை பீடத்து மெழுகுவத்திகளை அணைத்தபோதும் இதே வாசம்தான் வந்தது. மண்டியிட்டிருந்தவள் மூச்சை இழுத்து மோந்தாள். சிலுவை போட நெற்றிக்குப் போன கை பாதியில் திரும்பி, வலப்பக்கம் எதையோ எறிந்தது.