காதை மூடிக்கொண்ட கணினி

நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டு ஜன்னலில் மூடுபனி முகம் வைத்துப் பார்க்கிறது. திலக்ஷனின் மடிக்கணினிக்குள் இன்னொரு கணினி மென்பொருளாக ஓடுகிறது. வேறொரு நிரல் பிடித்திருக்கும் பூட்டு திறக்கக் காத்திருக்கையில், வெளியிலிருந்து குறுக்கிடும் எந்த அழைப்பும் கேட்காதபடி காதை மூடியிருந்ததாக அதன் பதிவு சொல்கிறது. ஆனால் நடுவில் ஓர் அழைப்புக்கு அது பதில் கொடுத்திருக்கிறது. காரணம் கண்டுபிடிக்காவிட்டால் அவனுடைய கொழும்பு வேலை போய்விடும். “உள்ள இருக்கதுக்கு, தான் உள்ள இருக்கோம்னு தெரியுமாடா?” என்று தேத்தண்ணியோடு வந்த அக்கா நிஷாந்தி கேட்கிறாள். “தெரியாதுக்கா. தனி வீடுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு.” “லயத்துல வளந்திருந்தா அப்படி நெனைக்காது.” அவன் விரல் திரையில் ஒரு வரியின் மேல் நிற்கிறது. காத்திருக்கும்போது, பதிவுக்குச் சொல்லாமல் காதைத் திறந்துவிடும் வரி அது. “வேலை தப்பிச்சிச்சுக்கா. காத மூடின மாதிரி இருந்துக்கிட்டு, கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு.” அக்கா குரலைத் தாழ்த்துகிறாள். “நாம பேசினதையுமா?” திலக்ஷன் கணினியின் மூடியை மெதுவாகப் பாதி சாத்துகிறான்.