கவிச்சி வாடை

மழைக் குளிரில் செந்தமிழனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கழுத்தில் சபரிமலை மாலை. மனைவி அழகி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

"சாமி, காய்கறி சூப்பு. கேரட், பீன்ஸோட மொளகு தூக்கலாப் போட்டிருக்கேன். சூடாக் குடிங்க" என்று மதிலுக்கு மேலாகப் பாத்திரத்தை நீட்டினாள் பக்கத்து வீட்டு பிளெஸ்ஸி.

ஜெகதாப்பட்டினத்தில் மீன் கொதிக்காத நாளே இல்லாத வீடு அவளுடையது. மூடியைத் திறந்ததுமே செந்தமிழனுக்குக் கவிச்சி வாடை குப்பென்று அடித்தது. மாலை போட்டவன் இதையா குடிப்பது? சத்தமில்லாமல் கொல்லைக்குப் போய் முருங்கைத் தூரில் கொட்டினான்.

பாத்திரத்தைக் கழுவும்போது, விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

'அழகி.'

மாமனார் பேர் வெட்டிக் கொடுத்த சீர்ப் பாத்திரம்.

"குடிச்சிட்டீங்களா சாமி?" மதிலுக்கு அங்கிட்டிருந்து பிளெஸ்ஸியின் குரல் கேட்டது. "எங்க பாத்திரத்துல மீனு புழங்கும்ல? அதான் காலையிலயே அழகிகிட்டக் கேட்டு, ஒங்க பாத்திரத்தை வாங்கி வச்சு அதுலயே காய்ச்சுனேன். எப்படி இருந்துச்சு?"

"நல்லா... நல்லாருந்துச்சுங்க."

"அப்ப மலைக்குப் போறவரைக்கும் தெனம் வச்சுத் தாரேன்."

செந்தமிழன் நிமிரவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான்.