மகள்ட படிப்புக்கு

“மகள்ட படிப்புக்குத் தம்பி. ஒரு கிராபிக்ஸ் காட் வேணும், விலை மட்டா” என்று சின்னராசா வாய் கூசாமல் சொன்னார்.

அவருக்கு மகளே கிடையாது. இருக்கிறது ஒரு மகன், அவனும் கனடாவில். காட் வேண்டியிருந்தது கார் ரேஸ் கேமுக்கு!

ஐம்பத்தைந்து வயது மனுசன், கந்தோரில் தலைமை எழுதுவினைஞர், வேறெப்படிச் சொல்லுவார்?

சண்டைக்காலம். திருகோணமலை ரோட்டில் சைக்கிளில் போனால் சந்திக்குச் சந்தி செக்பொயின்ற். இறங்கு, உருட்டு, ஐசி அட்டையைக் காட்டு. கேமிலோ நூற்றைம்பதில் பறந்தாலும் மறிப்பாரில்லை, கேட்பாரில்லை. ஆனால் மகன் விட்டுப்போன பழைய கம்பியூட்டர் வளைவு கண்ட இடமெல்லாம் அப்படியே நின்றுவிடும். இதுவரை ஒரு ரேஸைக்கூட அவர் ஓடி முடித்ததில்லை. அந்த ஆற்றாமை அவருக்குத்தான் தெரியும்.

கடைக்காரன் குலசிங்கம் கம்பியூட்டரின் வயதைக் கேட்டுவிட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.

“இது புதுசு ஐயா, உங்கட பழைய போர்ட்டில ஏறாது. மற்றது ஏறும், ஆனா விலையைக் கேட்டா உங்களுக்குப் பிறசர் ஏறும். அந்தா, அவர் கையில வச்சிருக்கிறாரே, அதுதான் உங்களுக்குத் தோது. ஒண்டே ஒண்டுதான் கிடக்கு. கொழும்பு லொறி இனி எப்ப வருமோ!”

‘அவர்’ கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஸைனுலாப்தீன். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

சின்னராசாவுக்குப் பகீரென்றது. விடுவாரா? குரலை இறக்கி, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் ‘நானா’ என்று தொடங்கினார்.

“நானா, குறை நினைக்காதேங்கோ. இது கிடைக்காட்டி என்ர பிள்ளை படிப்பையே விடவேண்டியதுதான்.”

கண்ணும் கொஞ்சம் கலங்கியது. தன்னுடைய நடிப்பில் தானே சொக்கிப்போனார் மனுசன்.

ஸைனுலாப்தீன் பெட்டியைப் பார்த்தார். சின்னராசாவைப் பார்த்தார்.

“பொம்புளப் புள்ளயா?”

“ஓம். ஒரே பிள்ளை.”

“அப்ப நீங்களே எடுங்க. எனக்குச் சும்மா... கேம் விளையாடத்தான்.”

பெட்டி கைக்கு வந்ததும் சின்னராசாவுக்கு நாக்கு நீண்டது.

“கேமோ! நாடு கிடக்கிற கிடையில, இந்த வயசில? பிள்ளையள் கண்டா என்ன நினைக்கும்? அந்த நேரத்தில ஒரு நல்ல புத்தகம் வாசிக்கலாமே நானா!”

“சரிதான் சேர், விட்டிருவம்” என்று சிரித்துக்கொண்டே ஸைனுலாப்தீன் கிண்ணியாப் படகைப் பிடிக்க நடந்தார்.

சின்னராசாவுக்கு ஒரே புளுகமும் பூரிப்பும். பெட்டியும் கிடைத்தது, புத்தியும் சொல்லியாயிற்று.

“பாவம் அந்த மனுசன்” என்றான் குலசிங்கம், பெட்டியைப் பையில் போட்டபடி.

“என்ன பாவம்? கேம் பைத்தியம்!”

“அவருக்குக் கம்பியூட்டரைப் போடவே தெரியாது ஐயா. மகள் றுக்கியா வீட்டுப் படம் கீறுற படிப்புப் படிக்கிறா. இந்தக் காட் தேடித்தான் மாதக் கணக்கா அலைஞ்சவர். உங்கட பிள்ளைக்கு விட்டுக்குடுக்கத்தான் கேம் எண்டு பொய் சொல்லிட்டுப் போறார்.”

சின்னராசாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. குலசிங்கம் பையை நீட்டினான்.

“அது கிடக்கட்டும் ஐயா, உங்கட மகள் என்ன படிக்கிறா?”