மிச்சம் பிடித்த டேட்டா

ஊர்காவற்றுறையில் இருக்கும் மேரிஜோசப்பின் என்பவள் தன் வீட்டு இணையத்தில் ஒரு படம்கூடப் பார்க்கமாட்டாள். லண்டனிலிருந்து மகன் டெரன்ஸ் வீடியோவில் கூப்பிடும்போது டேட்டா முடிந்திருக்கக் கூடாது.

“இந்தக் கிழமை ஒரே வேலை, அம்மா. எடுக்க ஏலாது” என்று அவன் சொல்லிவிட்டதால், பக்கத்து வீட்டுச் சுகந்தி கேட்டதும் பாஸ்வேர்டைக் கொடுத்தாள்.

“எங்கட டேட்டா முடிஞ்சுது, அக்கா. ஒரு கலியாணம் லைவில போகுது.”

“அதுக்கென்ன, வடிவாப் பாருங்கோ.”

சற்று நேரத்தில் வேலிக்கு அப்பால் கூச்சல் கேட்டது. “ஐயோ, தாலி கட்டுற நேரம் பாத்து நிண்டுபோச்சு!”

பாவம் என்று மேலதிக டேட்டா போட்டுவிட்டு, மேரிஜோசப்பின் அதைச் சொல்லப் போனாள்.

வாசலில் அவளைக் கண்டதும் சுகந்தி பாய்ந்து தொலைக்காட்சியை மறைத்தாள். அதற்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது. தாலி கட்டி முடித்து நிமிர்ந்து சிரித்தான் டெரன்ஸ்.

“உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டாமெண்டவன், அக்கா.”