கூரைத் தொட்டியில் முப்பத்து நான்கு டிகிரி

நவம்பர் 20, வியாழன்.

ஒரு தவறு. தொட்டித் தண்ணீரின் காலைச் சூடு ஐம்பத்தேழு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அது நேற்று மதியம் மூன்று மணிக்கு எடுத்தது. கட்டம் மாறிப் படித்துவிட்டேன். காலையில் இருந்தது முப்பத்து நான்கு. இன்னும் திருத்திச் சொல்லவில்லை.

எழுதிவிட்டு இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தான்.

ஓர் இரவில் நாலைந்து டிகிரி இறங்கும் என்று சோலார் பயிற்சியின் மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

இருபத்து மூன்று இறங்காது.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். தண்ணீர் போகும் வழியையும் வரும் வழியையும் மாற்றிப் பூட்டிவிட்டோமோ. கூரை ஏறினான். கண்ணாடிக் குழாய்கள் பதினைந்தையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தான். விரிசல் இல்லை. இணைப்புகளைக் காகிதத்தால் ஒற்றினான். காகிதம் நனையவில்லை.

கீழே பூண்டுத் தோட்டத்திலிருந்து குழந்தைவேல் மாமா குரல் கொடுத்தார்.

"என்ன மாப்ள, வடகம் காஞ்சிருச்சா?"

அவன் சிரித்துவைத்தான்.

மலை மேல் இருக்கும் அந்த ஊரில் வெயிலில் வெந்நீர் போடும் முதல் வீடு அவனுடையது. அதற்கு அப்பா சம்மதித்தது ஒரு மாதத்துக்குத்தான். "மாசம் முடியட்டும். சூடு நிக்கலைன்னா கழட்டிரணும்." கழற்றினால் அம்மா பழையபடி தினமும் விறகுக்குச் சரிவில் இறங்க வேண்டும். போன மழையில் அங்கேதான் விழுந்தாள். இன்னமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள்.

அந்த ஒரு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினான். மூன்று வாரக் காலைச் சூடுகளையும் ஒரே வரிசையில் எடுத்து எழுதினான்.

ஞாயிறு, ஐம்பத்திரண்டு. திங்கள், ஐம்பத்தொன்று.

செவ்வாய் முதல் சனி வரை முப்பத்து நாலைந்துக்கு மேல் இல்லை. மூன்று வாரமும் அப்படியே.

வகுப்பு இருக்கும் நாளின் மறுநாள் மட்டும் தண்ணீர் ஆறியிருந்தது.

அவன் நாலு மணிப் பேருந்தில் போகும் நாட்கள் தொட்டிக்குத் தெரிந்திருந்தது.

தொட்டிக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று யோசித்தான்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அந்தத் தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்று சொன்னவர் அப்பா ஒருவர்தான். "இரும்புக்குள்ள நின்ன தண்ணி. ஊத்துனா கைகாலு இழுத்துக்கும்." காட்டிலிருந்து வந்ததும் அடுப்படியில் செம்பு அண்டாவில் காய்ந்த தண்ணீரில்தான் அவருக்குக் குளியல். அவர் ஒருவருக்காகத்தான் அந்த அடுப்பு இன்னும் எரிந்தது.

வெந்நீரைத் திறந்துவிட்டால் அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீர் நிரப்பிவிடும். வேண்டுமென்றே திறந்து விட்டிருப்பார். அப்படி எழுதினான். பெற்ற தகப்பனைப் பற்றி எழுதுகிறோமே என்று அடித்தான். அடித்ததன் மேல் மறுபடி எழுதினான்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. மூன்று மணிச் சூடு நாற்பத்தாறு.

நாலு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பேருந்து வந்தது. அவன் ஏறவில்லை. பூண்டு காயப்போடும் கொட்டகைக்குப் பின்னால், அடுப்படி தெரியும்படி போய் நின்றுகொண்டான்.

அப்பா வந்தால் என்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிவைத்திருந்தான்.

அம்மா வந்தாள்.

கூரையிலிருந்து கீழே இறங்கும் தொட்டிக் குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள். சுவரைப் பிடித்தபடி, பாதி வழியில் ஒருமுறை இறக்கிவைத்து, அடுப்படிக்குத் தூக்கிப்போனாள். அண்டாவில் ஊற்றினாள். மூன்று நடை. பிறகு அண்டாவுக்குக் கீழே இரண்டே இரண்டு சுள்ளியைச் சொருகிப் பற்றவைத்தாள். அதன் மேல் ஒரு கை பச்சை இலை.

நிறையப் புகை வந்தது.

அந்த இரண்டு சுள்ளியில் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் காயாது.

அப்பா மண்வெட்டியைச் சாத்திவிட்டு அடுப்படிக்குள் போனார். புகையைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா வாசலுக்கு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

முதல் சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

இரண்டாவது உடனே விழவில்லை.

"ஏன் புள்ள," அப்பாவின் குரல். "மத்தியானத்துக்கு மேல வானம் மூடிருச்சோ இன்னைக்கி?"

அம்மா திரும்பவில்லை.

"வெறகு ஈரம்."

"ம். ஈரந்தான்."

இரண்டாவது சொம்பு விழுந்தது. மூன்றாவது.

கொட்டகைக்குப் பின்னால் அவன் அசையாமல் நின்றான். விறகில் காயும் தண்ணீருக்கு யாரும் வானத்தை விசாரிப்பதில்லை.

அப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அம்மா எழ, சுவரைத் தேடினாள். அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவன் நோட்டை எடுத்தான். அப்பாவைப் பற்றி எழுதிய வரியை அடிக்காமல், அந்தத் தாளையே கிழித்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. புதுத் தாளில் எழுதினான்.

நாளை, சனி. அப்பா காட்டுக்குப் போன பிறகு, தொட்டிக் குழாயிலிருந்து அண்டா வரை வெந்நீர்க் குழாய் இழுக்க வேண்டும். இருபதடி. வளைவுக்கு எல்போ இரண்டு. இணைப்பில் சுற்ற டேப் ஒன்று. குழாய் விறகு அடுக்குக்குப் பின்னால் போக வேண்டும்.