பூஜ்யம் வந்த ஆராய்ச்சி

“அடிக்கிறேம்மா. பெத்த புள்ளையைத் தினம் அடிக்கிறேன். நல்லா எழுதிக்குங்க!” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார் சாமிதுரை.

உளவியல் பேராசிரியை மங்களாம்பிகைக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! அப்பாடா, கடைசியில் ஒருத்தர் சிக்கிவிட்டார்.

பின்னே என்ன? பாபநாசம் பக்கத்து இந்த ஊரில் அஞ்சு வருஷத்துக்கு முன்னால் வீடு வீடாக ஏறி இறங்கி, பிள்ளைகளை அடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எழுதினவள் அவள். நூறு வீட்டில் எண்பது வீடு! அந்தக் கட்டுரையை இதுவரை மேற்கோள் காட்டிய ஒரே ஆள் அவளேதான், அதுவும் தன் அடுத்த கட்டுரையில். இந்தத் தடவையாவது வெயிட்டாக ஒன்று எழுதினால்தான் பதவி உயர்வு.

வந்து பார்த்தால், காலையிலிருந்து விவசாயக் கூலிகள் சங்கக் கொட்டகைக்கு வந்த அத்தனை பேரும் “இப்பல்லாம் அடிக்கிறதில்லீங்க” என்றே சாதித்தார்கள். பிள்ளைகள் அடிபடவில்லை என்று கேட்டு வயிறு எரிந்தவள் அன்றைக்கு அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

“ஒரு அடிகூடவா இல்லை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று கெஞ்சியே விட்டாள். “எல்லாம் பூஜ்யம்னா எந்தப் பத்திரிகையிலயும் போட மாட்டாங்க. என் புரமோஷன் அம்போதான்!”

அப்போதுதான் வாசலில் நின்றிருந்த சாமிதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை அடி?” அவள் பேனா பறந்தது.

“உங்களுக்கு எத்தனை வேணும்?”

“எதால அடிப்பீங்க?”

“மாடு ஓட்டுற தார்க்குச்சி. அப்புறம்... பெல்ட்டு.”

“நீ என்னிக்கய்யா பெல்ட்டு கட்டினே?” என்று பாய்ந்து வந்தாள் அவர் மனைவி வேம்பு. “அத்தனையும் பொய்யிங்கம்மா! இந்த மனுஷன் கை ஓங்கி மூணு வருஷம் ஆவுது.”

“மூணு வருஷமா?”

“போன தடவை நீங்க கேட்ட கேள்வியையெல்லாம் நடவு வயல்ல நாங்களே ஒருத்திக்கொருத்தி கேட்டுக்கிட்டோம். புள்ளையை அடிச்சவங்க ஆம்பளையானாலும் பொம்பளையானாலும், அவங்க பேரை நடவுப் பாட்டுல இழுத்துருவோம். கூலிப் போராட்டத்துல போலீசுக்கே அசராதவரு, நாலு வயலுக்குத் தன் பேரு கேட்டதும் பொட்டிப் பாம்பா அடங்கிட்டாரு!”

கொட்டகையே சிரித்தது. மங்களாம்பிகைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்புறம் எதுக்குங்க அடிக்கிறேன்னு பொய் சொன்னீங்க? ஆராய்ச்சின்னா விளையாட்டா?”

சாமிதுரை தலையைச் சொறிந்தார்.

“முன்னெல்லாம் நான் சைக்கிளை நிறுத்துனாலே என் மவன் வைக்கப்போருக்குப் பின்னால ஓடி ஒளிஞ்சுக்குவான். இப்ப என் தட்டுலயே கையை விட்டு மீனை எடுத்துத் திங்கிறான். நீங்க வந்து கேட்டதாலதானே? உங்க உத்தியோகத்துக்காக என் பேரு இன்னொருக்கா கெட்டாத்தான் என்னம்மா?”